நிரந்தர அமராமைச் சான்றிதழ்

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு.

மாவட்ட மரபு இருக்கைகள் பாதுகாப்பு அலுவலகத்தின் இயக்குநர் போனிஃபாஸ் மபாயா, மேசைக்குப் பின்னால், சக்கரம் வைத்த நாற்காலியில். கடையில் சுற்றிக்கொடுத்த பாலித்தீன் உறையை அவர் இன்னும் பிரிக்க விடவில்லை. அதனால் அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் முதலில் நாற்காலி பேசும், பிறகுதான் அவர் பேசுவார். தலைநகரிலிருந்து வந்த நிபுணர் தெயோஃபில், ஜன்னலோரச் சோபாவில். அதில் ஸ்பிரிங் போய் வெகுநாள் ஆகிவிட்டபடியால் அவருடைய முழங்கால்களும் காதுகளும் ஒரே மட்டத்தில் இருந்தன. துணை இயக்குநர், பதிவேடுகள் வைக்கிற இரும்புப் பெட்டியின் மேல். பதிவேடு வேண்டுமென்றால் அவர் எழுந்திருக்க வேண்டும்; ஆகவே அந்த அலுவலகத்தில் யாரும் பதிவேடு கேட்பதில்லை. தட்டச்சு செய்யும் கத்துண்டு அம்மாள், கவிழ்த்துப்போட்ட பீர்ப் பெட்டியில். கிபாங்கு கிராமத்து மரச்சிற்பி ஷிமுனா, தரையில், குந்தியபடி. அதே கிராமத்தில் சைக்கிள் பழுது பார்க்கும் கிசாங்கா, நின்றபடி. மனு கொடுக்க வருகிறவர்களுக்கு நாற்காலி கேட்டு எழுதப்பட்டிருப்பதாகவும், மேலிடத்தில் அது நான்கு வருடமாகக் கனிவான பரிசீலனையில் இருப்பதாகவும் கிசாங்காவிடம் சொல்லியிருந்தார்கள்.

மேசையின் நடுவில் சிவப்புத் துணி விரித்து, அதன்மேல் ஒரு முக்காலி. கையிரண்டையும் உயர்த்தி, தலையாலும் உள்ளங்கைகளாலும் வட்டப் பலகையைத் தாங்கி நிற்கும் ஒரு மரப்பெண். இமை தாழ்ந்தவள். அவள் கழுத்தில் கயிறு கட்டி, ‘எண் 7’ என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். பலகையின் மேல் யாரும் உட்காரவில்லை. ஒரு கோப்பு மட்டும் உட்கார்ந்திருந்தது.

இந்த முக்காலி கிபாங்குக் குலத்தலைவர் முஹோண்டோவுடையது. அவர் இறந்து பதினோரு வாரம் ஆகிறது. பெண்டே இன மக்களிடத்தில் பட்டம் மாமனிடமிருந்து அக்காள் தங்கை மகனுக்குத்தான் போகும் என்பதால், அது கிசாங்காவின் தலையில் விழுந்திருந்தது. ஆனால் விழுந்ததே தவிர உட்காரவில்லை. தலைவர் கண்ணை மூடினதும் முக்காலியைக் கவிழ்த்து வைப்பது அந்தக் குலத்து வழக்கம். குலத்தார் முன்னிலையில் அதை நிமிர்த்தி, மருமகன் அதில் உட்கார்ந்த பிறகுதான் சாவு முடிந்ததாகக் கணக்கு. அதுவரை இறந்தவருடைய மனைவி பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது. முற்றத்தைத் தாண்டக் கூடாது. உடைந்த தட்டில்தான் சாப்பிட வேண்டும்.

அடக்கம் நடந்த மறுநாளே இந்த அலுவலகத்தின் வண்டி கிராமத்துக்கு வந்தது. ‘செதுக்கப்பட்ட பழம்பொருள்கள் அனைத்தும் மூன்று நாள் பதிவுக்காக’ என்று ஒரு தாளை வாசித்தார்கள். கவிழ்த்து வைத்திருந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொடுத்த ரசீதில், ‘நாற்காலி ஒன்று. முதுகு: காணவில்லை. கைப்பிடி: காணவில்லை. பொதுவான நிலை: மோசம்’ என்று எழுதியிருந்தது. மூன்று நாள் பதினோரு வாரமாகிவிட்டது. ஒவ்வொரு வாரமும் கிசாங்கா நாற்பது கிலோமீட்டர் மணல் பாதையில் சைக்கிளை மிதித்தும் தள்ளியும் வந்து, நின்று, திரும்பிப் போனான்.

அன்று இயக்குநர் தொண்டையைச் செருமினார். நாற்காலி முனகியது.

“நிபுணர் ஐயா, உங்களுக்குத் தெரியாததில்ல. இந்த மாவட்டத்துல மொத்தம் நூத்திப் பன்னெண்டு முக்காலி. அதுல நூத்தியோரு முக்காலியை நாங்க காப்பாத்திட்டோம். யாருகிட்டேருந்து? உட்கார்றவங்ககிட்டேருந்து! இவ்வளவு நாளா இவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க தெரியுமா? உட்கார்ந்துட்டிருந்தாங்க. முக்காலிக்கு முதல் எதிரி கரையான். ரெண்டாவது எதிரி புட்டம். கரையானுக்கு மருந்து இருக்கு. புட்டத்துக்கு இந்த அலுவலகம் வர்ற வரைக்கும் மருந்தே இல்ல.”

நிபுணர் சோபாவிலிருந்து எழ முயன்று, முடியாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே கைதட்டினார்.

கிசாங்கா கேட்டான்: “ஐயா, எங்க முக்காலியை எப்பத் தருவீங்க?”

“தாராளமா தருவோம். பயன்பாட்டுல இருக்கிற பொருளைத் திருப்பித் தரணும்னு விதி இருக்கு. பயன்பாட்டுல இருக்குன்னு நிரூபிங்க, இப்பவே எடுத்துட்டுப் போங்க.”

“எப்படி நிரூபிக்கிறது?”

“யாராவது அதுல உட்கார்றாங்கன்னு காட்டணும்.”

“உட்காரத்தான் ஐயா கேக்கறேன்.”

“மரபுப் பொருள்மேல உட்கார்ந்தா ஆறு மாசம் சிறை. அதுவும் விதிதான்,” என்றார் இயக்குநர். இரண்டு விதிகளும் தன்னுடையவை என்பதில் அவருக்கு இருந்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

கிசாங்கா கோப்பைக் காட்டினான். “அது மட்டும் உட்கார்ந்திருக்கே ஐயா?”

“அது அலுவலகக் கோப்பு.”

கத்துண்டு அம்மாள் தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் லேசாக இருமினாள். அவளும் பெண்டேக்காரிதான். அந்தக் கோப்பை அங்கே வைத்த நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நடக்கிறாள்.

இனி நிபுணருடைய முறை. அவர் பூதக்கண்ணாடியை மரப்பெண்ணின் முகத்துக்கு நேரே பிடித்து, அதன் வழியாக நெடுநேரம் பார்த்தார்.

“இந்தத் தாழ்ந்த இமைகளைக் கவனிங்க. இது ஒரு தனி மனுஷியோட முகம் இல்ல. ஒரு இனத்தோட இருநூறு வருஷத் துக்கம்.”

“பதினெட்டு,” என்றார் தரையிலிருந்து ஷிமுனா.

“என்ன பதினெட்டு?”

“வருஷம். முன்ன இருந்த முக்காலி வீட்டோட எரிஞ்சுபோச்சுங்க. முஹோண்டோ என்னைக் கூப்பிட்டு, ‘டேய் ஷிமுனா, சீக்கிரம் ஒண்ணு செதுக்குடா, நான் எத்தனை நாள் நிக்கிறது’ன்னாரு. நான்தான் செதுக்கினேன். அது துக்கமெல்லாம் இல்லைங்க. உட்கார்றவரு நூறு கிலோ. தாங்குறவ வேற எப்படிப் பாப்பா?”

பாலித்தீன் சத்தத்தோடு நாற்காலி ஷிமுனா பக்கம் திரும்பியது.

“நீங்க செதுக்கினதுக்கு ஆதாரம்?” என்றார் இயக்குநர்.

ஷிமுனா எழுந்து வந்தார். பலகையின் அடியில் ஒரு வெட்டுத் தடத்தைக் காட்டி, அதற்குப் பக்கத்திலேயே தன் இடது கட்டைவிரலை நீட்டினார். உளி வழுக்கியபோது மரத்தில் ஆரம்பித்த கோடு, விரலில் தழும்பாக வந்து முடிந்திருந்தது. இரண்டையும் சேர்த்துவைத்தால் ஒரே கோடு.

நிபுணர் பூதக்கண்ணாடியை முதலில் மரத்தின் மேலும் பிறகு விரலின் மேலும் கொண்டுபோனார். “மரத்திலுள்ள வெட்டு பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது,” என்றார். “விரல் பிற்காலத்தியது.”

“அப்படிச் சொல்லுங்க,” என்றார் இயக்குநர். அவருக்கு மூச்சு வந்தது. “ஏன்னா, இது இருநூறு வருஷப் பழசுன்னு வெளிநாட்டுக் கண்காட்சிக்கு நாங்க ஏற்கெனவே எழுதிட்டோம். அறிவிச்ச வயசை எப்படிக் குறைக்கிறது? கூட்டறதுக்கு வழி இருக்கு. குறைக்கிறதுக்குப் படிவமே கிடையாது.”

கடைசியில் நிறைவேறிய தீர்மானங்கள் இரண்டு. ஒன்று, மனுவின் மேல் முடிவு ஒத்திவைக்கப்படுகிறது. இரண்டு, ஷிமுனா என்பவர் எண் 7 முக்காலியைச் செதுக்கவில்லை என்பதற்கான சான்றிதழ் அவருக்கு உடனே வழங்கப்படுகிறது. ஷிமுனா அதை வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அரசாங்கத்திலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அது.

கிபாங்குவில், தாழ்வாரத்து ஓரம் விரித்த பாயில், கெண்டா உட்கார்ந்திருந்தாள். முஹோண்டோவின் மனைவி, கிசாங்காவுக்கு அத்தை. ஐம்பத்திரண்டு வயது. பதினோரு வாரத்தில் முழங்கால் வீங்கி மரவள்ளிக் கிழங்கு போல ஆகியிருந்தது. ஆனால் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

“என்ன மருமவனே, வெறுங்கையோட வர்றே. மூணு நாளுன்னானுங்களே, அவனுங்க நாட்டுல ஒரு நாளுக்கு எத்தனை ராத்திரி?”

“கூட்டம் போட்டாங்க அத்தை.”

“நம்ம முக்காலியில யாரு உட்கார்ந்திருக்கா இப்போ?”

கிசாங்கா தயங்கினான். “ஒரு கோப்பு.”

“அப்ப நம்ம குலத்துக்கு ஒரு காகிதக் கட்டு தலைவரு. உங்க மாமனைவிட மெலிசாத்தான் இருப்பாரு. கொஞ்சமாச் சாப்பிடுவாரு.” அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கைபேசியை எடுத்துக் காட்டினாள். “லூசி கூப்பிட்டா. இன்னும் மூணு வாரம்னு டாக்டர் சொல்லிட்டாராம்.”

லூசி அவளுடைய ஒரே மகள். கிக்விட் நகரத்தில் இருந்தாள். முதல் பிரசவத்தில் பிள்ளை தங்கவில்லை. ரத்தம் நிற்காமல், லூசியையும் இழுத்துக்கொண்டு போகத்தான் பார்த்தது. இரண்டு நாள் மகளின் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு கெண்டாதான் உட்கார்ந்திருந்தாள். இந்த முறையும் அம்மா வந்தாக வேண்டும் என்று லூசி தினமும் கூப்பிட்டாள். துக்கத்தில் இருப்பவள் கைபேசி பேசலாமா என்று குலத்தார் ஒரு பகல் முழுக்க விவாதித்து, குரல் முற்றத்தைத் தாண்டலாம், ஆள்தான் தாண்டக் கூடாது என்று முடிவு சொல்லியிருந்தார்கள்.

“பேசாம கிளம்பிடு அத்தை,” என்றான் கிசாங்கா. “நான் பாத்துக்கறேன்.”

“கிளம்பறது பெருசில்லடா. நான் கிளம்பினப்புறம் இந்த ஊர்ல எவன் வீட்டுக் குழந்தைக்குச் சளி பிடிச்சாலும் என் பேரைத்தான் சொல்லுவானுங்க. லூசி பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, மொதல்ல அவ புருஷன் வீட்டுக்காரனே சொல்லுவான். பாயிலேருந்து ஒழுங்கா எந்திரிச்சுத்தான் நான் போகணும்.”

பக்கத்தில் கள் குடுவையோடு உட்கார்ந்திருந்த ஷிமுனாவைப் பார்த்துக் கிசாங்கா கேட்டான்: “அண்ணே, இன்னொண்ணு செதுக்கிடுங்களேன்.”

“நான் எதையும் செதுக்கறவன் இல்லையே தம்பி. சான்றிதழ் இருக்கு,” என்று ஷிமுனா பையைத் தட்டிக் காட்டினார். பிறகு தலையை ஆட்டினார். “விளையாட்டில்ல. முன்னது எரிஞ்சு செத்துச்சு, அதனால இது பொறந்துச்சு. ஒண்ணு உசுரோட இருக்கறப்ப இன்னொண்ணைச் செதுக்கினா ஒரே குலத்துல ரெண்டு தலைவன் வருவான். அதுக்கு நான் கை வைக்க மாட்டேன். குலத்தாரும் விட மாட்டாங்க.”

“அது உசுரோட இருக்குன்னு எவன் சொன்னான்?” என்றாள் கெண்டா.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“உட்கார ஆள் இருந்தா முக்காலிக்கு உசுரு. எரிஞ்சதுல ஏன் செத்துதுன்னோம்? இனிமே எவனும் அதுல உட்கார முடியாது, அதனால. இதுலயும் எவனும் உட்காரக் கூடாதுங்கறானே அந்த பாலித்தீன்காரன்? அப்ப எரிஞ்சதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

ஷிமுனா குடுவையைக் கீழே வைத்தார். “குலத்தாரு வாய்ப்பேச்சை ஒத்துக்க மாட்டாங்க கெண்டா. பொணத்தை வச்சிருக்கறவன்தான் ‘செத்துது’ன்னு சொல்லணும்.”

“சொல்ல வைங்க. அவனுங்களுக்கு எதைக் கேட்டாலும் எழுதிக் குடுக்கத்தான் கை அரிக்குதே. உங்களுக்குக் குடுக்கலியா ஒண்ணு?”

மறுநாள் கிசாங்கா ஒரு வாத்தையும் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினான். பதினோரு வாரத்தில் அலுவலகத்துக்குள் போன உயிர்ப் பொருள்களில் அது ஐந்தாவது. எதற்கும் ரசீது கிடையாது. முக்காலிக்கு மட்டும்தான் ரசீது.

இயக்குநர் அவனைப் பார்த்ததும், “முடிவு இன்னும் ஒத்திதான் வச்சிருக்கு,” என்றார்.

“முக்காலி கேட்டு வரல ஐயா. கூட்டத்துல நீங்க பேசினதைக் கேட்டப்புறம் எனக்குப் புத்தி வந்துச்சு. நாங்க இத்தனை வருஷம் உட்கார்ந்தது தப்புதான்.”

இயக்குநரின் நாற்காலி மெதுவாக முழு வட்டம் சுற்றி நின்றது.

“எங்க ஊர்ல இன்னும் சில பேரு, என்னைக்காவது ஒருநாள் அது திரும்பி வரும், உட்காரலாம்னு நெனச்சிட்டிருக்காங்க. அந்த நெனப்பு போகணும். இனிமே யாரும் எப்பவும் அதுல உட்கார முடியாதுன்னு உங்க கைப்பட ஒரு தாள் குடுத்தீங்கன்னா, ஊர்ல வாசிச்சுக் காட்டிடுவேன்.”

நான்கு வருட உத்தியோகத்தில் இயக்குநருக்கு இப்படி ஒரு மனு வந்ததில்லை. அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணின் ஓரத்தை ஒற்றிக்கொண்டார். துணை இயக்குநரை இரும்புப் பெட்டியிலிருந்து எழுப்பினார். சோபாவில் இருந்த நிபுணரை இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

“பாத்தீங்களா! இதைத்தான் நான் சொன்னேன். மக்கள் கெட்டவங்க இல்ல. அவங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்ல. இவங்க முக்காலியை இவங்ககிட்டேருந்து எடுத்தாத்தான் அதோட அருமை இவங்களுக்குத் தெரியுது. இன்னும் கொஞ்ச நாள் போனா, வீட்டையும் நீங்களே காப்பாத்துங்கன்னு கேட்டு வருவாங்க. கத்துண்டு அம்மா, எழுதுங்க. தலைப்பு: நிரந்தர அமராமைச் சான்றிதழ்.”

கத்துண்டு அம்மாள் தாளைச் செருகினாள்.

“‘எண் 7 முக்காலியின் மீது இனி எந்த மனிதரும் அமரமாட்டார்.’”

“தலைவருங்களும்னு ஒரு வார்த்தை போடுங்க ஐயா,” என்றான் கிசாங்கா. “இல்லேன்னா, தலைவர் மனுஷன்ல சேர்த்தி இல்லைன்னு எங்க ஊர்ல வாதாடுவாங்க.”

“போடுங்க. ‘தலைவர்களும் அமரமாட்டார்கள்.’”

“வரப்போறவங்களும்.”

“‘வரப்போகிறவர்களும்.’”

“செத்தவங்களும் ஐயா. ராத்திரியில வந்து உட்கார்றதா சொல்றாங்க.”

“பாதுகாப்புக் குறைபாடு!” என்று நிபுணர் குறிப்பெடுத்துக்கொண்டார். துணை இயக்குநர் தன் பங்குக்குக் கோழிகளையும் சேர்க்கச் சொன்னார். அவையும் சேர்க்கப்பட்டன.

கத்துண்டு அம்மாள் விரல்களை விசைகளின் மேல் வைத்தபடியே, இயக்குநர் பக்கம் திரும்பாமல், கிசாங்காவிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள். “உங்க அத்தை இன்னும் பாயிலதானா?”

“ஆமாக்கா.”

அவள் நிமிர்ந்தாள். “ஐயா, கடைசியில முத்தாய்ப்பா ஒரு வரி இருந்தா நல்லாருக்கும். ‘இம்முக்காலியின் முந்தைய வாழ்வு இன்றுடன் முடிவுற்றது’ன்னு.”

இயக்குநர் அந்த வரியைத் தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். “உங்களுக்குள்ள ஒரு எழுத்தாளர் இருக்காங்க கத்துண்டு அம்மா. போடுங்க. தேதியையும் போடுங்க.”

தேதி போடப்பட்டது. நான்கு முத்திரை விழுந்தது. அதில் ஒன்று, எப்போதோ கலைக்கப்பட்டுவிட்ட ஒரு துறையினுடையது. மை நன்றாக இருந்ததால் அதையும் குத்தினார்கள். இயக்குநர் கையெழுத்திட்டு, தாளை ஊதிக் காயவைத்து, கிசாங்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். படத்துக்காக மட்டும் மேசையை முன்னால் இழுத்து, கோப்பை முக்காலியின் மேல் நேராக நிறுத்திவைத்தார்கள்.

கிபாங்குவில் அந்தத் தாள் குலத்தார் முன் வாசிக்கப்பட்டது. முதல் வரியைத் தலையாட்டிக் கேட்டார்கள். ‘தலைவர்களும்’ வந்தபோது ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘செத்தவர்களும்’ என்றதும் பெண்கள் பக்கத்தில் யாரோ வாயில் கைவைத்தாள். கோழிகளைப் பற்றி வந்தபோது, பஞ்சாயத்துகளில் எப்போதும் எதிர்ப்பக்கம் பேசும் முசாஸாக் கிழவர், “இதுக்கு மேல ஒரு முக்காலியை எப்படிக் கொல்றது?” என்று கேட்டார். கடைசி வரி வாசித்து முடித்ததும் பெண்கள் ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். கெண்டா பாயில் இருந்தபடியே அதைத் தலைமை தாங்கி நடத்தினாள். மற்றவர்கள் முக்காலிக்காக அழுதார்கள். அவள் நடுநடுவே இயக்குநரையும் சேர்த்துப் பாடினாள். அந்த வரிகளை இங்கே எழுத முடியாது.

ஷிமுனா அன்றைக்கே மரம் வெட்டப் போனார். பத்து நாள் உளிச் சத்தம் ஓயவில்லை. ஒவ்வொரு நாளும் பாயிலிருந்து கேள்வி போகும்.

“அண்ணே, எதுவரைக்கும் வந்தா?”

“இடுப்பு வரைக்கும்.”

“நேத்தும் இடுப்புதானே சொன்னீங்க? எத்தனை இடுப்பு வைக்கறீங்க அவளுக்கு? என் மவ அங்க வயித்தைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்கா. மூக்கு காதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம், உட்கார்ற பலகையை முடிங்க மொதல்ல.”

“மூக்கில்லாதவ மேல உன் மருமவன் உட்காருவானா?”

“அவனுக்கே மூக்கு சரியில்ல, உட்காருவான்.”

பதினோராம் நாள் காலை, மழை பெய்து மணல் அடங்கியிருந்தது. கவிழ்த்துவைத்த புது முக்காலியைக் குலத்தார் நிமிர்த்தினார்கள். கிசாங்கா, மாமனின் சிறுத்தைத்தோலைத் தோளில் போட்டுக்கொண்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக உட்கார்ந்தான். சைக்கிள்காரனுக்கு உட்கார்ந்து பழக்கம் குறைவு. நகத்தில் சங்கிலி எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. ஆனாலும் முக்காலி தாங்கியது. கைதட்டல் எழுந்தது. கெண்டாவின் தலையை மழித்து, உடைந்த தட்டைச் சுக்குநூறாக உடைத்துப் போட்டார்கள். இரண்டு பெண்கள் கைகொடுக்க வந்தபோது, “விடுங்கடி,” என்று உதறிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தாள். முழங்கால் சடசடத்தது. ஓரடி வைத்தாள். பிறகு முற்றத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டி, அங்கே ஒன்றுமே இல்லாத இடத்தில் போய் நின்றுகொண்டு, திரும்பி எல்லோரையும் பார்த்தாள்.

கிக்விட்டுக்குப் போகும் மரவள்ளி லாரி மதியம் வரும். லூசிக்கு இன்னும் வலி எடுக்கவில்லை என்று கைபேசி சொல்லிற்று. கெண்டா மூட்டையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே கிசாங்கா பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான். தலைவனாக அவன் செய்த முதல் வேலை அது. ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி பெறுநர், பொருள், எண் எல்லாம் போட்டு எழுதினான்.

“யாருக்குடா?” என்றாள் கெண்டா.

“பொணத்தை வச்சிருக்கிறவருக்கு.”

“படி.”

படித்தான்.

‘பெறுநர்: இயக்குநர், மாவட்ட மரபு இருக்கைகள் பாதுகாப்பு அலுவலகம். பொருள்: தங்கள் வசம் உள்ள சடலம்.

ஐயா,

1. தங்கள் நிரந்தர அமராமைச் சான்றிதழ் கிடைத்தது. ஊரார் முன் வாசிக்கப்பட்டது. அதன்படி எண் 7 முக்காலி இறந்துவிட்டதை எங்கள் குலம் ஏற்றுக்கொண்டு, அழுது முடித்தது.

2. அதன் இடத்தில் புதிய முக்காலி ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. அதைப் பதிவு செய்ய ஆள் அனுப்ப வேண்டாம். அது பயன்பாட்டில் உள்ளது. நிரூபணம்: இந்தக் கடிதம் அதன்மேல் உட்கார்ந்து எழுதப்படுகிறது.

3. எங்கள் வழக்கப்படி சடலம் எந்தக் கூரையின் கீழ் இருக்கிறதோ, அதுவே துக்க வீடு. அந்த வீட்டுக்குப் பெரியவர் நாற்காலியில் உட்காரக் கூடாது. பாயில்தான் உட்கார வேண்டும். தலை வாரக் கூடாது. உடைந்த தட்டில் சாப்பிட வேண்டும். வாசலைத் தாண்டக் கூடாது. கைபேசி பேசலாம், அதைப் பற்றி ஏற்கெனவே முடிவெடுத்திருக்கிறோம்.

4. துக்கம் கேட்க வரும் வியாழக்கிழமை எங்கள் ஊரிலிருந்து நாற்பத்திரண்டு பேர் வருகிறோம். தங்களிடம் உள்ள மற்ற நூறு முக்காலிகளின் ஊர்களுக்கும் சான்றிதழின் நகலை அனுப்பியிருக்கிறோம். அவர்களும் தங்களிடம் ஆளுக்கொரு சான்றிதழ் கேட்டு வருவார்கள். இல்லையென்று சொல்லாமல் கொடுத்துவிடவும். வருகிறவர்களுக்குக் களியும் கீரையும் துக்க வீட்டார்தான் போட வேண்டும். உட்கார இடம் இல்லை என்பது தெரியும். நாங்கள் நின்று பழகியவர்கள்.’

“எத்தனை நாளைக்குன்னு எழுதினியா?” என்றாள் கெண்டா. “பாயில உட்கார்றவனுக்கு அதுதான்டா முக்கியம். எனக்குத் தெரியும்.”

கிசாங்கா பேனாவை எடுத்து ஐந்தாவது எண்ணைப் போட்டான்.

‘5. இந்தத் துக்கம், இறந்த அந்த முக்காலியில் அடுத்தவர் வந்து உட்காரும் நாளில் முடியும். தங்கள் சான்றிதழின்படி அப்படி ஒரு நாள் கிடையாது.’

கெண்டா தலையை ஆட்டினாள். தாளை மடித்து உறைக்குள் வைத்தார்கள். பசைக்குக் காலை விருந்தில் மிஞ்சிய மரவள்ளிக் களி இருந்தது. கிசாங்கா அதில் ஒரு விரல் எடுத்து, உறையின் விளிம்பில் தடவி, ஒட்டாத மூலையில் இன்னொரு தடவை தடவி, தொடையில் வைத்து அழுத்தினான். லாரி வந்து நின்றது. மாவட்ட நகரம் வழியில்தான், அலுவலக வாசலில் ஓட்டுநர் ஒரு நிமிடம் நிறுத்துவதாக ஒப்புக்கொண்டார். கெண்டா மூட்டைகளின் மேல் ஏறி, காலை நீட்டி உட்கார்ந்து, உறையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். “கிளப்புப்பா,” என்றாள்.